தோள் மாறிய பூணூல்

பழவங்காடியில் பிள்ளையார் கோயிலுக்கு நாலு கடை தள்ளி, மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. நான் சொல்லப்போகிறது நடந்தபோது, அங்கே நான் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் படமெடுத்துக்கொள்ள வந்த ஆண்கள் ஒருத்தரும் என்னைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெண்கள் உடை மாற்றும் அறையை ஒட்டி ஒரு திரை தொங்கும். அந்தத் திரைக்குப் பின்னால் என் மேஜை. யாராவது தவறிப்போய்த் திரையை விலக்கினால் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவேன். என் சுபாவம் அப்படி. கோட்டைக்குள் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் நிற்பேன், வாய் திறக்காது.

கணவர் காலமான மறு வருஷம், கல்யாணப் பெண்களுக்குக் கொசுவம் மடித்துவிட ஆள் வேண்டும் என்று ஸ்டூடியோவில் கூப்பிட்டார்கள். அப்படித்தான் போனேன். கையில் நடுக்கம் இல்லை என்று கண்டு, முதலாளி என்னை டச்சிங்குக்கு உட்கார வைத்தார். டச்சிங் என்றால் இதுதான்: கீழிருந்து வெளிச்சம் வருகிற சாய்வுக் கண்ணாடியில் நெகட்டிவை வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் முகத்தில் உள்ள பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பு எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக மறைக்க வேண்டும். நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். முதல் மாசம் தலை சுற்றியது. அப்புறம் பழகிவிட்டது. கலர் படம் வந்தபின் பென்சில் போய், பிரிண்டின் மேல் தூரிகை வந்தது. அதுவும் பழகியது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும், ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே அதை ஓட்ட ஒருவரும் வந்தார். ஆற்றிங்கல் பக்கத்து மலையாளி, முப்பத்தஞ்சு வயது இருக்கும், இரண்டு குழந்தைகளின் தகப்பன். கெட்டிக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை கம்ப்யூட்டர் சார் என்றுதான் கூப்பிட்டோம். சுழலும் நாற்காலி ஒன்றை முதலாளி அவருக்காக வாங்கிப் போட்டார். நான் ஒரு நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலையை அவர் டீ ஆறுவதற்குள் முடித்தார்.

முதலாளி நாகர்கோவில் பக்கத்துக்காரர், மனசில் கள்ளமில்லாதவர். ஒரு நாள் என் மேஜைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மாமி, ஓணம் கழிஞ்சா இந்த மேஜையை எடுத்துரலாம்னு இருக்கேன். பயப்படாதீங்க, உங்கள அனுப்ப மாட்டேன். லேடீஸ் ரூமைப் பாத்துக்கிட்டு இருங்க" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். பவுடர் போட்டுவிட்டு, கொசுவம் மடித்துவிட்டு இருந்தால் பொழுது போகும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு முகங்களை விட்டுவிட மனசில்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயதில், ஏ பி சி டி தடுமாறுகிறவள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லாமலே செய்தேன். கம்ப்யூட்டர் சார் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவார். முதலாளி கீழே கவுண்டரில் இருப்பார். நான் தயிர் சாதத்தை அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்காருவேன். முன்பே அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, ஏதோ துடைக்கிற மாதிரி, அவர் எதை அமுக்கினால் என்ன ஆகிறது என்று பார்த்து வைத்திருந்தேன். எழுத்து தெரியாவிட்டாலும் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் எல்லாம் படமாகத்தான் இருந்தது. ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஒன்று: ஓரிடத்துத் தோலை எடுத்து இன்னோரிடத்தில் பதிக்கும். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி மாதிரி ஒன்று: பருவை ஆற்றும். தூரிகை, கத்திரிக்கோல், கை. படம் இல்லாத இடங்களில் இங்கிலீஷ் வார்த்தைகளை, அர்த்தம் தெரியாமல், கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி ஒரு நோட்டில் வரைந்துகொண்டேன். பக்கத்தில் தமிழில் 'இது செய்ததை அழிக்கும்', 'இது பத்திரம் பண்ணும்', 'இதைத் தொடாதே' என்று எழுதி வைத்தேன். எனக்கு மிகவும் பிடித்தது செய்ததை அழிக்கிற, கீபோர்டில் உள்ள அந்த இரண்டு கட்டைகள். பென்சிலில் ஒரு கீறல் தப்பினால் நெகட்டிவ் போச்சு. இங்கே தப்பு பண்ணலாம். தப்பு பண்ணப் பண்ண எனக்குத் தைரியம் வந்தது.

மவுஸில் அடிக்கடி மஞ்சள் கறை இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சார் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி பெருக்க வருகிறவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். நான் திரைக்குப் பின்னால் சமையலில் மஞ்சள் ஏறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாளிலிருந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அவளுக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்தேன், காரணம் சொல்லவில்லை.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வீட்டுப் பெரியவருக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். பெரியவரும் அவர் மனைவியும் ஜோடியாக இருக்கிற ஒரு பெரிய படம் வேண்டும், அன்றைக்குப் பந்தலில் வைக்க வேண்டும் என்று மூத்த மகள் சொன்னாள். பெரியவரைக் காரில் அழைத்து வந்து மாடியேற்றி ஸ்டூடியோவில் எடுத்தோம். சட்டையில்லாமல், தோளில் ஜரிகை மேல்வேஷ்டி, மார்பில் பூணூல், நெற்றியில் விபூதி. அவர் மனைவி பெரியவளுக்கு இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்திருந்தது, படியேற முடியாது. அதனால் அவளை வீட்டிலேயே நாற்காலியில் உட்கார வைத்து எடுத்து, கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று ஏற்பாடு.

மடிசார் புடவைக்கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னையும் ஸ்ரீவராகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். பெரியவர் ஸ்டூடியோவில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாரோ, அதே பக்கம்தான் படமெடுப்பவர் பெரியவளையும் திரும்பச் சொன்னார். இரண்டையும் சேர்த்தால் ஒருவர் மற்றவரைப் பார்க்க மாட்டாரே என்று எனக்கு உடனே தோன்றியது. ஆனால் அறையில் நாலு ஆண்கள் நின்றார்கள். என் நாக்கு எழும்பவில்லை. கொசுவத்தைச் சரிசெய்துவிட்டு மூலைக்குப் போய்விட்டேன். படமெடுத்து முடித்ததும், பெரியவளுக்கு வலி தாங்கவில்லை என்று உள்ளே படுக்க வைத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் சாருக்கு அது ஒரு பெரிய விஷயமாகப்படவில்லை. பெரியவரின் படத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாற்றித் திருப்பினார். இப்போது பெரியவர் மனைவியின் பக்கம் பார்த்தார். பின்னால் தூணும் விளக்கும் வைத்து, இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக ஒட்டி, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முடித்துவிட்டார். சாயங்காலம் அஞ்சு மணிக்குள் லேபில் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட், திங்கட்கிழமை விசேஷம். அவருக்குக் கொல்லத்தில் மச்சினன் கல்யாணம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். போகிற அவசரத்தில்தான் என்னைக் கூப்பிட்டு, படம் எப்படி இருக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார்: "மாமி, நோக்கு, எங்ஙனெ உண்டு?"

பார்த்தேன். கிட்டே குனிந்து மறுபடி பார்த்தேன்.

பெரியவரின் பூணூல் வலது தோளிலிருந்து இடது பக்கம் இறங்கியிருந்தது. எந்த நல்ல காரியத்துக்கும் அது இடது தோளில்தான் இருக்கும். செத்தவர்களுக்குத் தர்ப்பணம், சிராத்தம் பண்ணும்போதுதான் தோள் மாறும். எண்பது வயது நிறைந்து, பிள்ளைகள் நூறு குடம் தண்ணீர் ஊற்றி அபிஷேகம் பண்ணப்போகிற மனுஷரை, பித்ரு காரியத்துக்கு உட்கார்ந்தவராக ஆக்கி, அதைப் பெரிதாகப் பண்ணிப் பந்தலில் வைக்கப்போகிறோம்.

சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். கம்ப்யூட்டர் சார் சிரித்தார். "இதொக்கெ ஆரு நோக்கும் மாமி? எல்லாரும் முகமல்லே நோக்கும்?" என்று, எல்லோரும் முகத்தைத்தானே பார்ப்பார்கள் என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் வீட்டில் பூணூல் கிடையாது. அவருக்கு அது ஒரு வெள்ளைக் கோடு.

நான் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். ஸ்ரீவராகத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் இங்கே வந்து நிற்கிறது என்று தோன்றியது. எழுந்து கீழே போனேன். பதினெட்டு வருஷத்தில் வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போது நான் கவுண்டருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. முதலாளி என்னைப் பார்த்துப் பயந்தே போனார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

நான் விஷயத்தைச் சொல்ல, மாடிக்கு ஓடிவந்து படத்தைப் பார்த்தார். கொல்லத்துக்குப் போகிறவருக்குப் போன் போட்டார், கிடைக்கவில்லை. சரி, பெரியவரைத் திருப்ப வேண்டாம், பெரியவளைத் திருப்பினால் என்ன என்றார். அதற்கு நான், பெரியவளைத் திருப்பினால் மடிசார் தோள் மாறிவிடும், எங்கள் வழக்கத்தில் தலைப்பு வலது தோளில் வரும், மாறினால் ஐயங்கார் வீட்டுக் கட்டாகிவிடும் என்றேன். இரண்டு பேரையும் திருப்பாமல் எடுத்தபடியே வைத்தால் என்று யோசித்தார். பிறகு அவரே, "பஸ்ஸுல முன் ஸீட்டும் பின் ஸீட்டுமா இருக்குற மாதிரி இருக்குமே" என்று சொல்லி, தலையில் கையை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெரியவருக்கு மாடியேறி இறங்கினதிலிருந்து மூச்சிரைப்பு, டாக்டர் படுக்கச் சொல்லியிருக்கிறார் என்று மகள் அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள். மறுபடி அவரை எழுப்பி உட்கார வைத்து எடுக்கக் கேட்க முடியாது.

"எனக்கு ஒரே வெப்ராளமா இருக்கு மாமி" என்று பதறினார்.

"நான் பண்றேன்" என்றேன்.

"எதை?"

"பூணூலை அழிச்சுட்டு, அந்தத் தோள்ல வரையறேன்."

"கம்ப்யூட்டர்லயா? மாமிக்குத் தெரியுமா அது?"

"தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார், மவுஸைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். மஞ்சள் விஷயம் அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். நாற்காலியை என் பக்கம் திருப்பிவிட்டார். மணி ஒன்றேகால்.

முதலில் அந்தப் படத்துக்கு வேறு பெயரில் ஒரு நகல் பண்ணினேன். நோட்டைப் பார்த்துத்தான் பண்ணினேன், பார்த்தேன் என்று சொல்வதில் வெட்கம் இல்லை. பிறகு மார்பைப் பெரிதாக்கினேன். வயதான மார்பு சுலபமில்லை. வெள்ளை முடி சுருண்டு சுருண்டு கிடக்கும், தோல் ஓரிடத்தில் சிவப்பாகவும் ஓரிடத்தில் மங்கலாகவும் இருக்கும். பூணூலை மட்டும் எடுத்தால் அங்கே ஒரு மொட்டைத் தடம் தெரியும். அதனால் பூணூலுக்குப் பக்கத்திலேயே உள்ள தோலையும் முடியையும் சின்னச் சின்னதாக எடுத்து, பயறளவு பயறளவாகப் பதித்துக்கொண்டு வந்தேன். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் அச்சு அடித்த மாதிரி இருக்கும். நாலு இடத்திலிருந்து எடுத்தேன். இரண்டேகாலுக்குப் பழைய பூணூல் போய்விட்டது. பூணூல் இல்லாத பெரியவரைத் திரையில் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "சீக்கிரம் போட்டு விட்ருங்க மாமி" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

புதுப் பூணூல் முதல் தடவை சரியாக வரவில்லை. இடது தோளிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தேன். சாக்பீஸ் கோடு மாதிரி இருந்தது. அழித்தேன். மூன்று இழையாக இழுத்தேன். அப்போதும் மார்புக்கு மேலே மிதந்தது. ஏன் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, நூல் இருந்தால் அதற்கு நிழல் இருக்க வேண்டும். நூலை மட்டும் போட்டேன், நிழலைப் போடவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூக்கின் நிழலைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, நூலின் மறுபக்கம் தோலைவிட ஒரு சாயல் கறுப்பாக, விட்டு விட்டு ஒரு கோடு போட்டேன். நூல் தோலில் உட்கார்ந்தது. எலும்பு மேடாக இருக்கிற இடத்தில் நிழலை ஒட்டிவிட்டேன், பள்ளத்தில் கொஞ்சம் தள்ளி வைத்தேன். இதெல்லாம் நெகட்டிவில் பழகிய கண்தான். கம்ப்யூட்டர் அதைச் சொல்லித்தராது.

கீழ்ப்பக்கம் கஷ்டமில்லை, மேல்வேஷ்டியின் மடிப்புக்குள் போய் மறைந்துவிட்டது. மேலே தோளில்தான் அரை மணி நேரம் போனது. வெறும் தோள், அதில் ஏறி, வளைந்து, கழுத்துக்குப் பின்னால் நூல் போக வேண்டும். அங்கே மூன்று இழையும் ஒன்றோடொன்று நெருங்க வேண்டும். நாலு தடவை அழித்து அஞ்சாவது தடவை வந்தது. நடுவில் கரண்ட் போய் யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பத்திரம் பண்ணுகிற கட்டைகளை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நல்லவேளை, கரண்ட் உடனே வந்தது.

முடிந்தது என்று எழுந்திருக்கும்போது முகத்தைப் பார்த்தேன். பெரியவருக்கு இடது மூக்கோரத்தில் ஒரு மச்சம் உண்டு. படத்தில் அது வலது பக்கம் இருந்தது. மறுபடி உட்கார்ந்தேன். அத்தனை வருஷமாக எத்தனை மச்சத்தை எடுத்திருப்பேன், கணக்கில்லை. ஒரு மச்சத்தை நானாக வைத்தது அன்றைக்குத்தான். வலது பக்கத்து மச்சத்தை எடுத்துவிட்டு, சரியான இடம் தெரிய, திருப்பாத படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வைத்தேன். மணி நாலே முக்கால். முதலாளி சி.டி.யை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தார்.

திங்கட்கிழமை ஸ்ரீவராகத்துக்கு நானும் போனேன். பந்தலில் நுழைகிற இடத்தில் படம், ஆள் உயரம், சுற்றிலும் ரோஜாத் தோரணம் கட்டியிருந்தது. நான் ஒரு தூணோரமாக நின்று வருகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் நின்று பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், காப்பி குடிக்கப் போனார்கள். சாஸ்திரிகள் இரண்டு பேர் படத்துக்கு நேர் முன்னால் நின்று வெகுநேரம் பேசினார்கள். நான் காதைக் கொடுத்துக்கொண்டு கிட்டே நகர்ந்தேன். அவர்கள் பேசியது மதுரைக்கு ரிசர்வேஷன் கிடைக்காததைப் பற்றி. பெரியவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்குக்கூட இவர் என்னை இப்படித் திரும்பிப் பாத்ததில்லை."

பந்தலே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். மூச்சிரைப்போடு சிரித்தார். ஒருத்தர்கூடப் பூணூலைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தில் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறுகிறவரிடம் நானாக வாய்விட்டுக் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் சார் கொல்லத்திலிருந்து லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். முதலாளி அவரை உட்கார வைத்து, என் படத்தையும் அவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கச் சொன்னார். அவர் என்னுடையதைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், தோளில், மார்பில், மடிப்பில் எல்லாம் ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடினார். மூக்கோரம் போய் மச்சத்தைப் பார்த்தார். கடைசியில், யார் செய்தது என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். கம்ப்யூட்டர் சார் எழுந்து நின்றுவிட்டார். சனிக்கிழமை தான் சிரித்ததற்கு அவரே மன்னிப்புக் கேட்டார். "அந்த நிழல் எனிக்கு வராது மாமி" என்றார். அது பெரிய மனசு.

முதலாளி என்னிடம் திரும்பி, விசேஷ வீட்டுக்காரர்கள் உங்களுக்கு ஒரு புடவை கொடுத்தனுப்பியிருக்கிறார்கள், வேறு என்ன வேண்டும் சொல்லுங்கள் என்றார். எப்போதும் போல ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டப் போனேன். ஆனால் தலை ஆடவில்லை.

"இந்த நாற்காலி வேணும்" என்றேன்.

அதோடு நான் நிறுத்தவில்லை. முகம் வருகிற வேலை எல்லாம் என்னிடம் வர வேண்டும், ஆல்பமும் எழுத்தும் சார் பார்க்கட்டும், மேஜையை ஓணத்துக்கு அப்புறம் என்ன, இன்றைக்கே எடுத்துவிடுங்கள், எனக்கு அது வேண்டாம் என்றேன். அவ்வளவு நீளமாக நான் பேசியதை அதற்கு முன் நானே கேட்டதில்லை. முதலாளி கம்ப்யூட்டர் சாரைப் பார்த்தார். சார் தோளிலிருந்து பையைக் கழற்றாமலே, "காலத்து மாமி, உச்சைக்கு ஞான்" என்று முடித்துவைத்தார். காலையில் நான், மத்தியானம் அவர். அடுத்த சித்திரையில் இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கியபோது அந்தப் பங்கீடும் போய், நாள் முழுக்க எனக்கே ஆயிற்று.

அன்றைக்கு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். நுனியில் அல்ல. கால் தரையில் எட்டவில்லை. அதுவரைக்கும் நுனியிலேயே உட்கார்ந்ததில் அது எனக்குத் தெரியவே இல்லை. ஆற்றிங்கல்காரர் ஆறடி உயரம். நாற்காலிக்குக் கீழே கையை விட்டுத் துழாவி, ஒரு கைப்பிடியைக் கண்டுபிடித்து இழுத்தேன். புஸ் என்று ஒரு சத்தம். நாற்காலி என்னோடு இறங்கி, கால் இரண்டும் தரையில் பதிந்தது. முதல் முகத்தைத் திறந்தேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த ஒரு நர்ஸ் பெண். தூக்கம் இல்லாத கண்.